புகைக்கு அகப்படாத கொசு

சாயங்காலம் கொசுப்புகை வண்டி வந்தால்தான் மாநகராட்சி என்று ஒன்று இருப்பதாக எங்கள் தெருவில் நம்புகிறார்கள். ஐப்பசி மழை நாலு நாள் பெய்துவிட்டால் போதும், குடியிருப்போர் சங்கத்து வாட்ஸ்அப்பில் ‘கவுன்சிலரைக் கூப்பிடுங்க, புகை அடிக்கச் சொல்லுங்க’ என்று ஆரம்பித்துவிடும். வண்டியும் வரும். பிள்ளைகள் பின்னால் ஓட, பெரியவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ அந்த ஜன்னலுக்கு உள்ளே, கட்டிலுக்கு அடியிலும் திரைச்சீலை மறைவிலும் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும்.

சென்னையில் நாம் திட்டுகிற கொசு வேறு, டெங்கு வார்டில் படுக்க வைக்கிற கொசு வேறு. ராத்திரி காதோரம் ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுப்பது க்யூலெக்ஸ். கூவம், பக்கிங்ஹாம் கால்வாய், ஓட்டேரி நல்லா கால்வாய் என்று சாக்கடை தேங்கும் இடமெல்லாம் அதற்குப் பிறந்த வீடு. ஏடிஸுக்குப் பிடித்தது நல்ல தண்ணீர், கடிப்பது பகலில். பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள டிரே, மாடியில் போட்ட பழைய டயர், தேங்காய் ஓடு, எதுவானாலும் சரி. நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சியும் கிணற்றையும் மூடாத மேல்நிலைத் தொட்டியையும் தேடிப் போகிற இனம்தான். ஆக, கூவத்தைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டே மொட்டை மாடியில் டெங்குவை வளர்க்கிறோம்.

இதைக் கண்டுபிடிக்க வீட்டுக்குள் ஏறிப் பார்க்க ஆள் வேண்டும். அவர்களுக்கு டிபிசி ஊழியர்கள், அதாவது வீடுகளில் கொசு உற்பத்தியைச் சோதிப்பவர்கள், என்று பெயர். பெரும்பாலும் பெண்கள். கையில் ஒரு டார்ச், ஒரு அகப்பை, கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து பாட்டில். எங்கள் தெருவுக்கு வரும் பெண்மணி ஒருநாள் சம்ப் மூடியைத் தூக்கி, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, “இங்க பாருங்க சார், தலைகீழா நிக்குது பாருங்க” என்றார். எனக்கு முதலில் தூசு மாதிரிதான் தெரிந்தது. வெளிச்சம் பட்டதும் அந்தத் தூசு நெளிந்து நெளிந்து அடியில் இறங்கியது.

“தண்ணியக் கொட்டிட்டா சரியாப் போச்சாம்மா?” என்றேன்.

“கொட்டினா பத்தாது சார். சுவத்துல முட்டை ஒட்டிக்கிட்டிருக்கும். நார் போட்டுத் தேய்ச்சுக் கழுவணும்.”

அவர் சொன்னதில் பூச்சியியல் முழுக்க அடங்கியிருக்கிறது. ஏடிஸ் முட்டை ஈரமில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரத்திலிருந்து பத்து நாள். அதனால்தான் வாரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்கிறார்கள். வளர்ந்த பிறகும் அது அதிகம் போனால் சில நூறு மீட்டர்தான் பறக்கும். உங்களைக் கடிக்கும் ஏடிஸ் அநேகமாக உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததுதான்.

2017-இல் தமிழ்நாட்டில் இருபத்து மூவாயிரம் பேருக்கு மேல் டெங்கு வந்தது. நிலவேம்புக் கசாயம் நல்லதா கெட்டதா என்று ஊரே இரண்டுபட்டு நின்ற வருஷம் அது. தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று யாரும் அந்த அளவுக்குச் சண்டை போட்டதாக நினைவில்லை.

கொசு ஒழிப்பை விரிவுபடுத்துகிறோம் என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் படத்தில் புதிய புகை இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன, கால்வாய் மேல் ட்ரோன் பறக்கிறது. ட்ரோன் வீண் என்று சொல்லமாட்டேன். ஆள் இறங்க முடியாத ஆகாயத்தாமரைக் காட்டில் அது மருந்து தெளிக்கும். ஆனால் அது க்யூலெக்ஸுக்கான வைத்தியம். ஏடிஸை விரட்ட மாடிப்படி ஏற வேண்டும். அப்படி ஏறுகிற டிபிசி ஊழியர்களோ பல ஊர்களில் தினக்கூலிகள். மழைக்காலத்தில் ஆள் சேர்ப்பது, காய்ச்சல் அடங்கியதும் குறைப்பது என்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் கோடையில்தான் சனங்கள் குடத்திலும் டிரம்மிலும் தண்ணீர் பிடித்து வைக்கிறார்கள். பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்க ஆள் இல்லை.

வருஷம் முழுக்க, ஒரு தெருவுக்கு அதே ஆள், நிரந்தரச் சம்பளத்தில் வேண்டும். முகம் தெரிந்தால்தான் கதவு திறக்கும். வாசலில் செக்யூரிட்டி வைத்த பெரிய அடுக்ககங்களில் இவர்களைக் கேட்டைத் தாண்டவே விடுவதில்லை.

புது அறிவியல் வந்தாலும் வீடு வீடாகப் போக ஆள் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய ஏடிஸ் கொசுக்களைப் பரப்பினார்கள்; டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021-இல் ஆய்வு முடிவு வெளியானது. புதுச்சேரியில் உள்ள ஐ.சி.எம்.ஆர். நிறுவனமும் அத்தகைய கொசுக்களை உருவாக்கி வைத்திருக்கிறது. யோக்யகர்த்தாவிலும் முட்டை வைத்த வாளிகளை வீட்டு வளாகங்களில் வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றியது மனிதர்கள்தாம். வீட்டுக்காரர்கள் சம்மதித்தார்கள்.

கொசுப்புழு வளர்த்தால் நடவடிக்கை எடுக்க 1939-ஆம் வருஷத்துப் பொது சுகாதாரச் சட்டத்திலேயே இடமுண்டு. பாதி கட்டிய கட்டடங்களின் லிஃப்ட் பள்ளத்தில் குளம்போலத் தண்ணீர் நிற்கிறது; அங்கே அபராதம் போடட்டும், கைதட்டுவேன். ஆனால் காவல் நிலைய வாசலில் பறிமுதல் செய்த ஆட்டோக்களும் பைக்குகளும் மழைநீரைச் சுமந்துகொண்டு வருஷக்கணக்கில் நிற்கின்றனவே, அதற்கான அபராத ரசீதை எந்த டிபிசி பெண்மணி உள்ளே கொண்டுபோய் நீட்டுவார்?