ஐஆர்சி செத்துவிட்டதா?

"ஐஆர்சியா? அது செத்து எத்தனையோ வருஷம் ஆச்சே!" திறந்த அரட்டை வலையமைப்புகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே இந்தப் பதில்தான் வருகிறது. கூடவே இன்னும் இரண்டு: புதியவர்களுக்கு அது பிடிபடாது, கேள்வி கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை. மூன்றையும் நம்பி, எட்டிக்கூடப் பார்க்காமல் ஒதுங்கிவிடுகிறவர்கள் பலர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1988 ஆகஸ்டில் பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினென் உருவாக்கியது ஐஆர்சி (Internet Relay Chat), இணையத்தில் பலர் சேர்ந்து எழுத்தில் அரட்டையடிக்கும் முறை. ஒரு காலத்தில் இருந்த கூட்டம் இன்று அங்கே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2021 மே மாதம் நடந்ததைப் பாருங்கள். ஐஆர்சியின் பெரிய வலையமைப்புகளில் ஒன்றான ஃப்ரீநோட் யார் கையில் இருப்பது என்ற தகராறில், அதை நடத்திவந்த தன்னார்வலர்கள் விலகி லிபெரா சாட் என்ற புதிய வலையமைப்பைத் தொடங்கினார்கள். உபுண்டு, விக்கிமீடியா போன்ற பெரிய சமூகங்கள் சில வாரங்களுக்குள் அங்கே குடிபெயர்ந்தன. பயனர்கள் புதிய மென்பொருள் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. சர்வர் முகவரியை மாற்றி, பெயரைப் புதிதாகப் பதிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். ஒரே நிறுவனத்தின் செயலியில் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது; அது கதவை அடைத்தால் பேச்சும் நின்றுபோகும். செத்துப்போன ஒன்று இப்படி வீடு மாறிப் போய் உட்காராது.

பிடிபடாது என்பதும் சரியில்லை. லிபெராவுக்குள் உலாவி வழியாகவே நுழையலாம். ஒரு புனைபெயர், '#' குறியோடு தொடங்கும் ஒரு சேனல் (அரட்டை அறை) பெயர், இரண்டும் போதும். கைபேசி எண் கேட்க மாட்டார்கள். கட்டளைகள் சாய்கோட்டில் ('/') தொடங்கும். முதல் வாரத்துக்கு ஜாயின் (சேனலில் சேர), நிக் (பெயர் மாற்ற), க்விட் (வெளியேற) மூன்றும் தெரிந்தால் சமாளிக்கலாம். எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் வேறு. பெயரைப் பதிந்தபின், பெயர்ப் பதிவைக் கவனிக்கும் நிக்சர்வ் சேவைக்குக் கடவுச்சொல் அனுப்பும்போது, சாய்கோட்டுக்கு முன்னால் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்துவிட்டால் அது கட்டளை ஆகாது. கடவுச்சொல் அப்படியே சேனலில் எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிடும். அதனால் அந்த வரியைச் சேனலில் அடிக்காமல் சர்வர் சாளரத்தில் அடியுங்கள். பல வலையமைப்புகளில் உங்கள் ஐபி முகவரியும் பிறர் கண்ணில் படும். அதை மறைக்கும் வசதி உண்டா என்று உதவிச் சேனலில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் வருவதில்லை என்ற குறைதான் புதியவர்களை அதிகம் விரட்டுகிறது. நானும் முதல்முறை "ஒரு சந்தேகம் கேட்கலாமா?" என்று எழுதி, ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வெளியேறியவன்தான். பட்டியலில் நூறு பெயர் தெரிந்தால் நூறு பேரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. ஒருவர் தூங்குவார், இன்னொருவர் வேலையில் இருப்பார். இணைப்பு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு மணி நேரம் கழித்து ஒருவர் வந்து பதில் எழுதும்போது நீங்கள் அங்கே இல்லையென்றால் அது உங்களுக்குக் கிடைக்காது. இல்லாதவருக்காகப் பழைய உரையாடலைச் சேர்த்துவைக்கும் வழக்கம் ஐஆர்சியில் பெரும்பாலும் இல்லை. அனுமதி கேட்க வேண்டாம். என்ன செய்தீர்கள், என்ன பிழை வந்தது என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

தமிழில் எழுத முடியாது என்றும் சிலர் சொல்கிறார்கள். தாராளமாக முடியும். ஆனால் ஒரு செய்திக்கு மொத்தம் 512 பைட்தான் இடம். 'வணக்கம்' என்ற ஒரு சொல்லே யூடிஎஃப்-8 முறையில் 21 பைட் பிடிக்கும். நீளமாக எழுதினால் வரி பாதியில் வெட்டுப்படலாம். சின்னச் சின்ன வரிகளாக அனுப்பினால் சிக்கலில்லை.

இன்று மாலை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்களுக்குப் பிடித்த மென்பொருளின் சேனலுக்குள் போய்க் கேள்வியைப் போடுங்கள். பதில் வரும்வரை சாளரத்தை மட்டும் மூடிவிடாதீர்கள்.