பிள்ளை பக்கத்தில் உட்காரப் பணம் எதற்கு?

இண்டூர்க்காரர் விமானம் ஏற இரண்டு வழி. தர்மபுரி வந்து, தொப்பூர் கணவாய் இறங்கி, ஓமலூருக்குப் பக்கத்தில் காமலாபுரத்திலுள்ள சேலம் விமான நிலையத்தைப் பிடிக்கலாம். இல்லையென்றால் கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போய், பெங்களூரு நகரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கடந்து தேவனஹள்ளி விமான நிலையம் சேரலாம். சேலத்தில் 2021இல் நின்றுபோன சேவை 2023 அக்டோபரில், சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தின்கீழ் மறுபடி தொடங்கியதிலிருந்து, விமானம் என்பது இந்தப் பக்கத்து ஊர்களுக்கு அண்ணாந்து பார்க்கும் பொருளாக மட்டும் இல்லை. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் வளைகுடாவிலும் வேலை பார்ப்பவர்கள் பெண்டு பிள்ளைகளோடு பறக்கிறார்கள். கணவர் அங்கே இருக்க, இரண்டு சின்னப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தனியாகப் போகும் தாய்மாரும் உண்டு.

அந்தத் தாய் செல்பேசியில் டிக்கெட் எடுக்கும்போது, பெயர், வயது எல்லாம் நிரப்பியதும் இருக்கைப் படம் ஒன்று விரியும். கட்டம் கட்டமாக, கலர் கலராக. ஜன்னலோரம் ஒரு விலை, நடைபாதையோரம் ஒரு விலை, முன்வரிசைகளுக்கு அதைவிடக் கூடுதல். இலவசக் கட்டங்கள் ஏதாவது இருந்தால் அவை பெரும்பாலும் நடு இருக்கைகள்; ஒன்று ஏழாம் வரிசையில், இன்னொன்று இருபத்து நாலில். ‘இருக்கை வேண்டாம், மேலே போ’ என்ற பொத்தான் ஒரு மூலையில் பொடி எழுத்தில் கிடக்கும். அதைத் தட்டினால், உங்கள் குடும்பம் பிரிந்து உட்கார நேரலாம் என்று ஓர் எச்சரிக்கை வரும். நாலு வயதுப் பிள்ளையை வைத்திருக்கும் எந்தத் தாய் அதற்குமேல் துணிவாள்? தலைக்குச் சில நூறு ரூபாய், மூன்று பேருக்கு, போக ஒன்று வர ஒன்று. வசதிக்காகத் தரும் காசு இல்லை இது, பயத்தில் தரும் காசு. குழந்தையின் பெயரால் அந்தப் பயத்தை விற்பது நிற்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

விதி இல்லாமல் இல்லை. 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., ஓர் உத்தரவு போட்டது. 12 வயது வரையிலான குழந்தைகளுக்கு, அதே பி.என்.ஆர். முன்பதிவு எண்ணில் பயணம் செய்யும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரோடாவது இருக்கை ஒதுக்க வேண்டும். அதற்குப் பதிவும் வைத்திருக்க வேண்டும். நல்ல உத்தரவு. ஆனால் இதற்குப் பணம் வாங்கலாமா கூடாதா என்பது பற்றி அந்த வாசகம் வாய் திறக்கவில்லை. விருப்ப இருக்கை, உணவு, பெட்டி போன்றவற்றுக்குத் தனிக்கட்டணம் வசூலிக்க அனுமதிக்கும் சுற்றறிக்கையில்தான் இந்த வரியும் வருகிறது. ஒரு கை கொடுப்பதை மறு கை வாங்கிக்கொள்ள வழி அங்கேயே இருக்கிறது. தனிக்கட்டணச் சேவைகள் எதுவும் கட்டாயம் இல்லை, வேண்டுபவர் தாமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், இருக்கை தேர்ந்தெடுக்காதவருக்குத் தானாகவே இருக்கை ஒதுக்கப்படும் என்றும் இயக்குநரகம் சொன்னது. இந்த மூன்று சேதியும் டிக்கெட் எடுக்கும் அந்தத் திரையில் வருவதே இல்லை. பிள்ளைக்குப் பக்கத்து இருக்கை உறுதி என்று தெரிந்தால் யார் பணம் கட்டுவார்கள்?

விமான நிறுவனங்கள் சொல்லும் நியாயத்தையும் கேட்போம். இருக்கைக்கும் உணவுக்கும் பெட்டிக்கும் தனித்தனியாக வாங்குவதால்தான் அடிப்படைக் கட்டணத்தைக் குறைவாக வைக்க முடிகிறது. கையில் ஒரு பையோடு தனியாகப் போகிறவர் அடுத்தவரின் ஜன்னலுக்கு ஏன் பணம் தர வேண்டும் என்கிறார்கள். இதில் பொய் இல்லை. கால் நீட்ட இடம் வேண்டும், முதலில் இறங்க வேண்டும், ஜன்னல் வழியே மேகம் பார்க்க வேண்டும் என்பவர் பணம் தரட்டும். அதற்கு நாம் குறுக்கே நிற்கவில்லை. குழந்தைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருப்பதும் அந்தப் பட்டியலில் சேருமா என்பதுதான் கேள்வி.

சேராது என்பதற்கு நிறுவனங்களின் சொந்த விதிகளே சாட்சி. பெரியவர் துணையில்லாமல் ஐந்து வயதுக் குழந்தையோ பத்து வயதுக் குழந்தையோ பறக்க வேண்டுமானால், ‘துணையற்ற சிறார்’ என்று தனிப் படிவம், தனிக் கட்டணம், கூட்டிப்போய்க் கூட்டிவர ஊழியர், இறங்கும் இடத்தில் அடையாளம் காட்டி வாங்கிக்கொள்ள உறவினர் என்று அத்தனை ஏற்பாடும் கேட்கிறார்கள். ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் பெரும்பாலும் ஏற்றவே மாட்டார்கள். அந்த வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பதினைந்து வரிசை தள்ளி, முன்பின் தெரியாத இருவருக்கு நடுவே உட்காரவைத்தால் மட்டும் அது துணையோடு போகும் பிள்ளை ஆகிவிடுமா? பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012இல் போக்சோ சட்டம் கொண்டுவந்த நாடு இது. சீட் பெல்ட் போட்டு, விளக்கணைத்து, எழுந்து நடக்க முடியாமல் இரண்டு மணி நேரம் ஒரு குழந்தை யார் பக்கத்தில் இருக்கிறது என்பது சாதாரண விஷயமில்லை.

அடுத்தது ஆபத்து வேளை. முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் விமானத்துக்குள் காற்றழுத்தம் சட்டென்று குறைந்தால், பெரியவர்களுக்கே நிதானம் இருப்பது அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரைதான். அதனால்தான் முகமூடியை முதலில் நீங்கள் மாட்டிக்கொண்டு, பிறகு பக்கத்திலிருக்கும் குழந்தைக்கு மாட்டுங்கள் என்று ஒவ்வொரு பயணத்திலும் செய்து காட்டுகிறார்கள். குழந்தை பக்கத்தில் இருக்கும் என்று நம்பித்தான் அந்த அறிவுரையே எழுதப்பட்டிருக்கிறது. ஏழாம் வரிசையிலிருக்கும் தாய் இருபத்து நாலாம் வரிசைக்கு எப்படிக் கை நீட்டுவாள்? ஏ320 போன்ற விமானங்களில் மூன்று இருக்கைக்குப் பொதுவாக நாலு முகமூடி இருக்கும். அந்த நாலாவது மடிக்குழந்தைக்கானது. ஆகவே ஒரே மூன்று இருக்கைக்குள் இரண்டு கைக்குழந்தைகளை அனுமதிப்பதில்லை. அவசர வாசல் வரிசையில் பிள்ளைகளை உட்காரவைப்பதே இல்லை. இவ்வளவையும் கணினி தானாகவே பார்த்துக்கொள்கிறது. குடும்பத்தைச் சேர்த்து உட்காரவைப்பது மட்டும் அதனால் முடியாத காரியம் என்பது நம்பும்படி இல்லை.

2024 ஜனவரி 2ஆம் தேதி, டோக்கியோவின் ஹனேடா ஓடுபாதையில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் குழந்தைகள். சிறிய விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். பெட்டியை விட்டுவிட்டு, ஊழியர் சொன்ன திசையில், வரிசை கலையாமல் இறங்கியதே 379 பேரைக் காப்பாற்றியது என்று உலகமே பாராட்டியது. பெட்டியை விடச் சொன்னால் விடலாம். பின்வரிசையில் பிள்ளை அழுதுகொண்டிருக்க, முன்வாசலில் இறங்கு என்றால் எந்தத் தாய் இறங்குவாள்? கூட்டத்தை எதிர்த்துப் பின்னால்தான் ஓடுவாள். பிரிந்து உட்கார்ந்த ஒரு குடும்பம் அந்த விமானத்திலுள்ள எல்லாருக்கும் ஆபத்து.

இப்படிச் சேர்த்து உட்காரவைப்பது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்கள் நம் ரயிலைப் பார்க்கட்டும். முன்பதிவுக் கணினி ஒரே பி.என்.ஆரில் உள்ளவர்களை அடுத்தடுத்த படுக்கைகளில் போட முயல்கிறது. மூத்த குடிமக்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இடமிருந்தால் கீழ்ப்படுக்கை தருகிறது. எந்தப் படுக்கை என்பதற்காகத் தனியாகக் காசு கேட்பதில்லை. பென்னாகரம் பஸ்ஸில் நெரிசல் என்றால் உட்கார்ந்திருப்பவர் நின்றுகொண்டிருக்கும் தாயிடமிருந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்வார். அந்த மனிதாபிமானத்தைத்தான் இப்போது விமானத்தில் ஊழியர்கள் கடன் கேட்கிறார்கள். எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு, “சார், கொஞ்சம் பின்னால மாறி உக்காந்துக்க முடியுமா? குழந்தை தனியா இருக்கு” என்று, காசு கட்டி ஜன்னல் வாங்கியவரிடம் கெஞ்சுகிறார்கள். மாறினால் அவர் கட்டிய காசு போச்சு. மறுத்தால் சுற்றியுள்ளவர்கள் பார்வையில் அவர் கல்நெஞ்சர். சிக்கலை உண்டாக்கிய நிறுவனம் இரண்டு பக்கமும் கெட்ட பெயர் இல்லாமல் நழுவிவிடுகிறது.

வெளிநாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன? கனடா 2019 டிசம்பரிலிருந்து வயதுக்கேற்ற கணக்கு வைத்திருக்கிறது. ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் ஒட்டிய இருக்கை. 5 முதல் 11 வரை அதே வரிசையில் ஓர் இருக்கைக்கு மேல் இடைவெளி கூடாது. 12, 13 வயதுக்கு ஒரு வரிசைக்கு மேல் தள்ளிப் போகக் கூடாது. எதற்கும் கூடுதல் கட்டணம் கிடையாது. அமெரிக்காவில் 2024 மே மாதம் வந்த சட்டம் இதற்கு விதி செய்யச் சொன்னது. ஆகஸ்டில் 13 வயது வரையிலான குழந்தைகளுக்கென வரைவு விதி வெளியானது. பிரிட்டனில் அந்நாட்டு விமான ஆணையம் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளிடம் கேட்டு 2018 பிப்ரவரியில் ஓர் ஆய்வு வெளியிட்டது. கூடுதல் பணம் தராமல் குழுவாகப் பயணித்தவர்கள் பிரிக்கப்படும் வாய்ப்பு ஒவ்வொரு நிறுவனத்திலும் வேறு வேறாக இருந்தது. ரயன்ஏரில் 35 சதவீதம். ஒரே மாதிரி விமானம், ஒரே மாதிரி இருக்கை, ஆனால் பிரியும் கணக்கு மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது என்றால், அது இடப் பற்றாக்குறை இல்லை, அவரவர் கொள்கை.

பெற்றோர் பக்கமும் சில சொல்ல இருக்கிறது. அப்பா ஒரு பி.என்.ஆர்., அம்மாவும் பிள்ளைகளும் இன்னொன்று என்று சலுகைக்காகப் பிரித்து எடுத்துவிட்டு, கவுண்டரில் வந்து சண்டை போடுவது வழக்கமாகிவிட்டது. உத்தரவின் பாதுகாப்பு ஒரே பி.என்.ஆருக்குத்தான். வெப் செக்-இன் திறந்து ஒரு நாள் ஆன பிறகு, கடைசி ஆளாக வந்தால் யாராலும் சேர்த்துத் தர முடியாது. குழந்தை ஜன்னல் கேட்கிறது என்பதற்காக முன்பே காசு கட்டியவரை எழுப்புவதும் முறையில்லை. பெற்றோர் பக்கத்தில் ஓர் இடம் என்பது உரிமை. ஜன்னல் என்பது ஆசை. சேலத்துக்கு வரும் ஏ.டி.ஆர். விமானத்தில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு இருக்கைகள்தான். இரண்டு பிள்ளைகளோடு போகும் தாய்க்கு ஒரு பிள்ளை நடைபாதைக்கு அந்தப் பக்கம் உட்காரத்தான் வேண்டியிருக்கும். கை எட்டும் தூரம், அது போதும்.

உடான் திட்டத்தின் முதல் விமானத்தை 2017 ஏப்ரலில் சிம்லாவில் தொடங்கிவைத்த பிரதமர், ஹவாய் செருப்புப் போட்டவரும் விமானத்தில் பறக்க வேண்டும் என்றார். அவர் சொன்ன பயணிதான் இருக்கைப் படத்தைப் பார்த்து மிரளுகிறார். அடிக்கடி பறக்கிறவருக்கு எந்தப் பொத்தானைத் தட்டி நழுவுவது என்று தெரியும். ஊரில் உண்டியல் உடைத்து முதல் டிக்கெட் எடுப்பவருக்குத் தெரியாது. கட்டணத்தின் கனம் முழுக்க அவர் தலையில்தான் விழுகிறது.

டி.ஜி.சி.ஏ. செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை இல்லை. டிக்கெட் எடுக்கும்போதே ‘குழந்தை’ என்ற தனிக் கட்டத்தில் எண்ணிக்கை கேட்கிறார்கள். இரண்டு வயது தாண்டியதும் பெரும்பாலும் பெரியவருக்கான கட்டணத்தையே வாங்குகிறார்கள். அந்தக் கட்டத்தில் ஒன்று என்று போட்டதுமே, பெரியவருக்குப் பக்கத்து இருக்கை இலவசமாக ஒதுக்கப்பட்டு, பணம் கட்டும் திரைக்கு முன்பே கண்ணில் பட வேண்டும். விமான நிலையத்துக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கூடாது. வேறு வழியில்லாமல் எழுந்து மாறும் பயணிக்கு அவர் இருக்கைக்குக் கட்டிய தொகை முழுவதும் அன்றே திரும்பிவிட வேண்டும்.

2024 உத்தரவு வைத்திருக்கச் சொன்ன பதிவு நிறுவனங்களின் அலமாரியில் தூங்கக் கூடாது. பயணிகள் எண்ணிக்கை, தாமதம், ரத்து, புகார் என்று மாதாமாதம் அறிக்கை வெளியிடும் இயக்குநரகம், எந்த நிறுவனத்தில் எத்தனை குழந்தைகள் பெற்றோரைப் பிரிந்து பறந்தார்கள் என்ற வரியையும் அதில் சேர்க்கட்டும். 1934ஆம் ஆண்டின் பழைய விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது. கண்டிக்க அதிகாரம் இல்லை என்று சொல்லவும் முடியாது. இவையெல்லாம் நடக்கும்வரை, செக்-இன் கவுண்டரில் பிள்ளையைத் தனியே உட்காரச் சொன்னால் 2024 உத்தரவைச் சொல்லிக் கேளுங்கள். மேலும் காசு கேட்டால் ரசீதை வாங்கி வைத்துக்கொண்டு, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் அன்றைக்கே புகார் பதியுங்கள்.