அடுப்புப் புகையும் அறிஞர் தீர்ப்பும்

அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று கேட்டது பழைய சமுதாயம். புகை குறைந்த அடுப்பைக் கொடுத்தும் அடுப்பூதும் பெண் அதை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்கின்றனர் இன்றைய அபிவிருத்தி நிபுணர் சிலர். முன்னைய கேள்வியில் இருந்த ஆணவம் பின்னையதில் இல்லை என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் ஓரிடத்தில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. இரண்டும் குறையைப் பெண்ணிடமே தேடுகின்றன.

புகை அற்ப விடயமன்று. விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் ஆகியவற்றால் வீட்டினுள் எழும் புகை 2020ஆம் ஆண்டில் 32 இலட்சம் உயிர்களைப் பறித்தது என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அடுப்பின் முன் நிற்பவள் பெண். அவளது இடுப்பில் இருப்பது குழந்தை. நோயும் பெண்ணடிமையும் சுற்றாடற் கேடும் ஒரே சமையலறையில் கூடி நிற்கின்றன.

இக்கேட்டுக்கு மருந்தாக வந்ததுதான் ‘திருத்திய அடுப்பு’. 2020க்குள் 10 கோடி வீடுகளுக்கு இவ்வடுப்பு என்ற முழக்கத்துடன் 2010இல் சர்வதேசக் கூட்டணி ஒன்றே தோன்றிற்று. ஆனால் ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய மூவரும் ஒடிசா மாநிலத்தின் கிராமங்களில் 2,600க்கும் மேற்பட்ட குடும்பங்களை நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து ஆராய்ந்தபோது வேறொரு உண்மை வெளிப்பட்டது. புகைபோக்கி வைத்த மண் அடுப்பினால் முதலாம் ஆண்டில் சுவாசித்த புகை குறைந்தது; பின்னர் அந்தப் பயன் மறைந்தது. உடல்நலத்திலும் விறகுச் செலவிலும் மாற்றம் ஏற்படவில்லை. அடுப்புகள் ஒழுங்காகப் பயன்படுத்தப்படவில்லை, பழுதும் பார்க்கப்படவில்லை.

இவ்வாறு அளந்து பார்த்தவர்களை நாம் பழிக்கவில்லை. அளவுகோல் இல்லாதிருந்தால் வெற்று முழக்கமே சாதனையாகக் கணக்கில் ஏறியிருக்கும். நாம் எதிர்ப்பது அந்த அளவீட்டின்மேல் எழுப்பப்படும் தீர்ப்பை. ‘ஏழைகள் தம் நலத்தைத் தாமே மதிப்பதில்லை, பழக்கத்தை விடமாட்டார்கள், அவர்களது நடத்தையைத் திருத்த வேண்டும்’ என்று கூறுவோர் உளர். இக்கூற்றை அதே ஆய்வுத் துறையின் முடிவுகளைக் கொண்டே மறுக்கலாம்.

பங்களாதேஷின் கிராமங்களில் கிராண்ட் மில்லரும் முஷ்ஃபிக் மொபாரக்கும் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. அடுப்பு இலவசம் என்றபோது, உடல்நலம் காக்கும் அடுப்பைப் பெண்கள் ஆண்களைவிட அதிகமாக விரும்பினர். அதற்குச் சிறிது விலை வைத்தவுடன் அந்த விருப்பம் செயலாகவில்லை. காரணம் யாது? புகை அவளுடையது, பணப்பை அவளுடையதன்று.

குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, தமிழ்நாடு ஆகிய இடங்களில் 3,200 கர்ப்பிணிப் பெண்களைச் சேர்த்து நடந்த பெரும் பரிசோதனை மற்றொரு சான்று. அவர்களுள் பாதிப்பேரின் வீடுகளுக்கு வாயு அடுப்பும் 18 மாதங்களுக்கு எரிவாயுவும் இலவசமாக வழங்கப்பட்டன. அவ்வீடுகள் ஏறக்குறைய முற்றாக வாயு அடுப்பிலேயே சமைத்தன. பரம்பரைப் பழக்கம் எங்கே போயிற்று? எனினும், 2022இல் வெளியான முடிவின்படி, பிறந்த குழந்தைகளின் நிறையில் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை. புகையை அகற்றுவது அவசியம். ஆனால் புகை அகன்றால் வறுமையின் நோய்கள் யாவும் அகன்றுவிடும் என்பது மாயை.

சுற்றாடலின் பெயரால் சுமத்தப்படும் பழியையும் நோக்குவோம். 1970களில் வறியோரின் விறகுப் பஞ்சம் உலகின் கவனத்துக்கு வந்தபோது, காடழிவுக்கு விறகு பொறுக்கும் பெண்ணையே பலர் குற்றவாளியாக்கினர். காடுகள் பெரும்பாலும் விவசாய நிலத்துக்காகவே வெட்டப்பட்டன என்பதைப் பிந்திய ஆய்வுகள் காட்டின. எமது மலைநாடே இதற்குச் சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே காட்டை அழித்தவை கோப்பியும் தேயிலையும். விறகுக் கட்டுச் சுமந்த தலையன்று. அத்தோட்டங்களின் லயன் காம்பராக்களில் புகை குடித்து இருமியவளோ கொழுந்து பறித்த பெண்.

இன்று அப்புகையும் சந்தைக்கு வந்துவிட்டது. வறிய நாட்டில் அடுப்பு வழங்கி, குறைந்த புகைக்கெனக் காபன் சீட்டுப் பெற்று, அச்சீட்டைச் செல்வ நாட்டுக் கம்பனிகளுக்கு விற்கும் வணிகம் நடக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு, தாம் பரிசீலித்த திட்டங்கள் உண்மையான குறைப்பைப் போல் ஒன்பது மடங்குக்கு மேல் கணக்குக் காட்டின என்று கண்டது. இல்லாத குறைப்பைக் காட்டி எங்கோ ஓர் ஆலை தன் புகையை நியாயப்படுத்துகிறது. அவள் கண்களோ இன்னும் எரிகின்றன.

பழக்கமே காரணம் என்று இன்னும் வாதிப்போரை 2022ஆம் ஆண்டின் இலங்கையை நினைவுகூருமாறு அழைக்கிறோம். 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. கொழும்பு நகரத்துப் படித்த குடும்பங்களும் விறகு தேடின. அவர்களையும் அறியாமையா ஆட்கொண்டது? விலையும் தட்டுப்பாடும் தீர்மானித்ததைப் பழக்கம் என்று பெயரிடுவது அறிவியலாகாது.

ஆகவே, ஆராய்ச்சி வேண்டாம் என்பது எமது வாதமன்று; அதன் கேள்வி மாற வேண்டும் என்பதே எமது வாதம். அவள் ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்குமுன், எரிபொருளின் விலையை யார் தீர்மானிக்கிறார்கள், அவளது உழைப்புக்கு என்ன கூலி கிடைக்கிறது, அக்கூலி யார் கையில் சேர்கிறது என்று கேட்க வேண்டும். மலிவான எரிபொருள் அரசின் தருமமன்று; குடிநீரைப் போல் அது மக்களின் உரிமை. வகுப்பறையில் பொருளியல் கற்பிக்கும் ஆசிரியரும் அதைக் கற்கும் மாணவரும் இக்கேள்விகளைத் தம் பாடத்துள் கொண்டுவரட்டும். புகையை அளக்கும் கருவி ஏற்கெனவே எம்மிடம் உண்டு. அப்புகைக்குள் அவளை நிறுத்தி வைத்திருக்கும் அதிகாரத்தையும் அளக்கத் துணிவதே இன்றைய தேவை.