பாடசாலைக் கணினியின் சாவி யாரிடம்?



கணினி பழுதானால் இப்போது யாரும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை. "எனிடெஸ்க் போடுங்க சேர், நம்பரைச் சொல்லுங்க" என்கிறார் திருத்துபவர். வவுனியாவிலோ கொழும்பிலோ இருந்தபடி எங்கள் திரையில் மவுஸை ஓட்டுகிறார், வேலை முடிகிறது. இந்த வசதியை நாங்கள் குறை சொல்லவில்லை. 1990க்குப் பிறகு பாதிக் குடும்பம் புத்தளத்திலும் பாதி இங்கேயுமாக வாழும் எங்களுக்கு, அங்கிருக்கும் மருமகன் முசலியில் இருக்கும் மாமாவின் கணினியைத் திருத்திக் கொடுப்பது பெரிய உதவிதான்.

வேலை முடிந்த பிறகும் கதவு திறந்தே கிடப்பதுதான் பிரச்சினை. அடுத்த முறை யாரையும் தொந்தரவு செய்யாமல் நுழைவதற்காக ஒரு கடவுச்சொல்லைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அதன் பிறகு கணினிக்கு முன்னால் ஆளில்லாத நேரத்திலும், அனுமதி கேட்காமலே உள்ளே வரலாம்.

"எங்கட கொம்பியூட்டர்ல அப்படி என்ன இருக்கு?" என்று கேட்கிறார்கள். பிள்ளைகளின் பிறந்த திகதி, பெற்றோரின் அடையாள அட்டை இலக்கம், முகவரி, தவணைப் புள்ளிகள் எல்லாம் இருக்கின்றன. பள்ளிவாசல் கணினியில் சந்தாக் கணக்கு இருக்கும், ஸகாத் பெறும் குடும்பங்களின் பட்டியலும் இருக்கும். காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் விட்டுவிட்டு வெளியேறி, பிறகு அவற்றுக்காகக் கச்சேரி கச்சேரியாக அலைந்த சமூகம் கேட்கக்கூடிய கேள்வியா இது?

"எல்லாரும் அதைத்தானே பாவிக்கிறாங்க" என்பது அடுத்த பதில். 2024 பெப்ரவரியில் தனது சேவையகங்களுக்குள் ஊடுருவல் நடந்ததாக எனிடெஸ்க் நிறுவனமே அறிவித்து, வாடிக்கையாளர்களின் இணையக் கணக்குக் கடவுச்சொற்களை இரத்துச் செய்தது. 2019இலேயே இந்திய ரிசர்வ் வங்கி, இதே செயலியை வைத்து நடக்கும் பண மோசடி பற்றி எச்சரித்தது. அதற்காக இதைக் கள்ள மென்பொருள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இதன் இலவசப் பதிப்பு தனிப்பட்ட பாவனைக்கு மட்டும்தான், டீம்வியூவரும் அப்படியே. பாடசாலைக்கோ கடைக்கோ அல்ல. வணிகப் பாவனை என்று சந்தேகம் வந்தால் இணைப்பை நடுவிலேயே அறுத்துவிடுவார்கள். உடனே சிலர் 'கிரேக்' பதிப்பைத் தேடிப் போகிறார்கள். கள்ளனிடமே பூட்டு இரவல் கேட்கிற வேலை!

விண்டோஸ் 10, 11 கணினிகளுக்குக் குயிக் அசிஸ்ட் இலவசமாகவே கிடைக்கிறது. உதவுபவர் தரும் குறியீட்டை எங்கள் பக்கத்தில் இருப்பவர்தான் தட்ட வேண்டும், அவர்தான் சம்மதிக்க வேண்டும். மூடினால் முடிந்தது. ஆளில்லாமல் நுழையும் வழி அதில் இல்லை. அதையும் மோசடிக்காரர்கள் பயன்படுத்துவதாக மைக்ரோசொப்ட் 2024இல் எச்சரித்தது. ஆகவே நாங்கள் கூப்பிடாத ஆள் தானாக அழைத்தால் குறியீட்டைப் போடவே கூடாது. சொந்த வீட்டுக் கணினியை வெளியூரிலிருந்து திறக்க விரும்புபவருக்குக் குரோம் ரிமோட் டெஸ்க்டொப் போதும். ரஸ்ட்டெஸ்க் திறந்த மூல மென்பொருள், சேவையகத்தையும் நாங்களே வைத்துக்கொள்ளலாம். நெட்வேர்க் படித்த எங்கள் இளைஞர்கள் நான்கு பாடசாலைக்குச் சேர்த்து ஒன்றை அமைத்துத் தந்தால் என்ன?

அதுவரை, பாடசாலைக் கணினியில் எனிடெஸ்க்கைத் திறந்து, பாதுகாப்பு அமைப்புக்குள் போய், ஆளில்லா அணுகலை நிறுத்துங்கள். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, இதுவரை அந்தக் கடவுச்சொல் யார் யாரிடம் இருந்தது என்று கேளுங்கள். அதிபர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.