சூட்டைச் சொல்லாத எண் பாதி எண்

என் தந்தை செங்கல் காளவாயில் வேலை பார்ப்பவர். எழுத்து வாசனை அறியாதவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். விடுமுறையில் ஒரு நாள், மின்சாரம் கொடுத்தால் நீளுகிற பீங்கான் ஒன்று உண்டு என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன். "அது எந்தச் சூட்டுல, தம்பி?" என்று கேட்டார். நான் விழித்தேன். என் குறிப்பேட்டில் நீட்சியின் அளவு இருந்தது, வெப்பநிலை இல்லை!

நண்பர்களே! அந்தப் பீங்கானின் பெயர் லெட் மெக்னீசியம் நியோபேட். 'ரிலாக்ஸர் ஃபெர்ரோஎலெக்ட்ரிக்' இனத்தைச் சேர்ந்தது. வலுவான மின்புலத்தில் அதன் நீளம் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு மாறும். புலத்தின் திசையைத் திருப்பினாலும் சுருங்காமல் நீளவே செய்யும். ஏனெனில் நீட்சி, முனைவாக்கத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் உள்ளது. இதுவே எலெக்ட்ரோஸ்டிரிக்‌ஷன். 1980இல் அமெரிக்காவில் கிராஸ் முதலிய அறிஞர்கள் இதன் பேரளவை எடுத்துக்காட்டினர். 1993இல் ஹபிள் விண்தொலைநோக்கியில் பொருத்திய புதிய காமிராவில், சிறு ஆடிகளை நுட்பமாகச் சாய்த்துச் சரிசெய்ய இப்பீங்கானே பயன்பட்டது.

இதில் சூட்டுக்கு என்ன வேலை? நீட்சியையும் முனைவாக்கத்தின் வர்க்கத்தையும் இணைக்கும் கெழு வெப்பத்தால் அதிகம் மாறுவதில்லை. மாறுவது முனைவாக்கமே. தூய பொருளின் மின்காப்பு மாறிலி, சுழிக்குக் கீழே சுமார் 10 டிகிரி செல்சியஸில் உச்சத்தைத் தொடுகிறது. அதற்கு மேல் சூடு ஏற ஏற, அதே மின்னழுத்தத்திற்குக் கிடைக்கும் நீட்சி குறைகிறது. உச்சத்திற்குக் கீழே மிகவும் குளிர்ந்தாலோ, மின்சாரத்தை நிறுத்திய பின்னும் பழைய நீளத்திற்கு முழுதும் திரும்புவதில்லை. நூற்றுக்குப் பத்துப் பங்கு லெட் டைட்டனேட் கலந்தால் அவ்வுச்சம் 40 டிகிரியை ஒட்டி நகர்ந்துவிடுகிறது. 40 டிகிரி! நம் புதுக்கோட்டையின் கோடை வெயில் அல்லவா அது? குளிரூட்டிய ஆய்வகத்தில் எடுத்த எண், நம் ஓட்டுக் கூரையின் கீழும் அப்படியே பொருந்தும் என்று எப்படி நம்புவது?

என் கருத்து இதுதான்: நம் செய்முறைக் குறிப்பேட்டில் ஒவ்வோர் அட்டவணையின் தலைப்பிலும் அறை வெப்பநிலை இடம்பெற வேண்டும். "நம்மிடம் கருவி ஏது?" என்று சிலர் கேட்கலாம். நியோபேட் நம்மிடம் இல்லைதான். ஆனால் ரேடியோ பழுது பார்க்கும் கடையில் பேரியம் டைட்டனேட்டால் ஆன செராமிக் கெப்பாசிட்டர் கிடைக்கும். அதை எண்ணெயில் அமிழ்த்தி மெல்லச் சூடாக்கி, பத்து டிகிரிக்கு ஒருமுறை மின்தேக்குத்திறனை அளந்து வரைபடம் வரையலாம். பாடத்திட்டம் கேட்கவில்லை என்பதால் நாமும் கேட்காமல் இருக்கலாமா?

காளவாயைப் பிரிக்குமுன் என் தந்தை கையால் சூடு பார்க்கிறார். பட்டம் பெறப்போகும் நாமோ எண்ணை மட்டும் மனப்பாடம் செய்கிறோம். அவர் கேட்ட கேள்வியே விஞ்ஞானியின் கேள்வி. இனி நாமும் அதைக் கேட்போம்!