கனடாவில் முதல் பனிக்காலம்: விண்டர் டயரில் எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது?

சென்னையிலோ கோவையிலோ கார் ஓட்டிப் பழகியவருக்கு டயர் என்பது சில வருடங்களுக்கு ஒருமுறை யோசிக்கிற விஷயம். அவரே கனடாவுக்கு வேலைக்குப் போய், ஸ்கார்பரோவிலோ பிராம்ப்டனிலோ குடியேறி, தவணையில் ஒரு புது கார் எடுத்தால், அக்டோபர் மாதம் ஒரு கேள்வி வரும்: 'கார்ல ஏற்கெனவே நாலு புது டயர் இருக்கே, இன்னொரு நாலு எதுக்கு?'

வாடகை, இன்சூரன்ஸ், கார் தவணை எல்லாம் கட்டிய பிறகு எளிதாக ஆயிரம் டாலரைத் தாண்டக்கூடிய செலவு இது. அதனால் கேள்வி நியாயமானதுதான். அந்தச் செலவு தேவை. ஆனால், ஷோரூமில் சொல்லும் தொகை முழுவதும் தேவையில்லை. மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் ரிம். மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் ரப்பர். பளபளக்கும் அலாய் வீலுக்குக் காசைக் கொட்டிவிட்டு, டயரை மட்டும் 'இருக்கறதுலயே சீப்பா போடுங்க' என்று சொல்வது தலைகீழான கணக்கு.

'ஆல் சீசன்' போதாதா?

புது காரோடு பெரும்பாலும் வருவது ஆல் சீசன் டயர். பெயரைப் பார்த்தால் எல்லாப் பருவத்துக்கும் சரிவரும் போலத் தெரியும். ஆனால், வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் அந்த ரப்பர் இறுகத் தொடங்குகிறது. இறுகிய ரப்பருக்கு ரோட்டைப் பிடிக்கும் திறன் குறைவு. பிரேக் போட்டால் கார் நிற்கும் தூரம் கூடுகிறது. ரோட்டில் பனியே இல்லாத நாளிலும் இது நடக்கும்.

விண்டர் டயரின் ரப்பர் கலவை வேறு. கடும் குளிரிலும் அது மென்மையாகவே இருக்கும். மேற்பரப்பில் இருக்கும் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் பனியையும் ஐஸையும் பற்றிக்கொள்ளும். இதை அடையாளம் காண, டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதனுள்ளே ஒரு பனித்துகளும் உள்ள சின்னத்தைத் தேட வேண்டும். வெறுமனே 'எம் பிளஸ் எஸ்' என்று எழுதியிருந்தால் அது போதாது. அந்த எழுத்துக்குப் பனியில் சோதித்து நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

'ஆல் வீல் டிரைவ் வண்டி, அதனால கவலை இல்லை' என்பவர்களும் உண்டு. ஆல் வீல் டிரைவ் பனியில் காரைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. எந்த காராக இருந்தாலும் நிறுத்துவது டயர்தான். இரண்டே இரண்டு டயர் மட்டும் மாற்றுவதும் ஆபத்து. முன்னால் பிடிப்பு, பின்னால் வழுக்கல் என்றால் வளைவில் காரின் பின்பக்கம் சுழன்றுவிடும். நான்கையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இது மாகாணத்துக்கு மாகாணம் மாறும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். மீறினால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் குறிப்பிட்ட மலைப்பாதைகளில் அக்டோபரிலேயே விதி தொடங்கிவிடும்.

தமிழர்கள் அதிகம் வாழும் ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால், விண்டர் டயர் போட்டவருக்குத் தள்ளுபடி தர வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு 2016 ஜனவரி முதல் விதி உண்டு. தள்ளுபடி சிறியதுதான். ஆனால், ஒன்டாரியோவில் இன்சூரன்ஸ் பிரீமியம் பெரியது, தள்ளுபடியும் வருடாவருடம் கிடைக்கும். கம்பெனியே முன்வந்து சொல்லும் என்று காத்திருக்காமல், போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

ஏன் சின்ன ரிம்?

காசு மிச்சமாவது இங்கேதான். இப்போது வரும் கார்களில் 18, 19 இன்ச் வீல் சகஜம். பார்க்க அழகு. ஆனால், அந்த அளவில் விண்டர் டயர் வாங்கினால் விலை ஏறிவிடும். பெரும்பாலான கார்களில் ஒரு இன்ச், சிலவற்றில் இரண்டு இன்ச் சிறிய ரிம் போடலாம். ரிம் சிறுத்த அளவுக்கு டயரின் பக்கவாட்டு உயரம் கூடும். மொத்த விட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

உதாரணத்துக்கு 225/45 ஆர்18 டயரின் மொத்த விட்டம் சுமார் 660 மில்லிமீட்டர். 225/50 ஆர்17 டயருக்குச் சுமார் 657. வித்தியாசம் வெறும் 3 மில்லிமீட்டர். ஸ்பீடோமீட்டர் கணக்கு தப்பாது, டயர் விலை குறையும். இன்னொரு லாபமும் உண்டு. பனி உருகும்போது கனடா ரோடுகளில் பள்ளங்கள் முளைக்கும். பக்கவாட்டு உயரம் அதிகமுள்ள டயர் அந்த அடியைத் தாங்கும். மெல்லிய பக்கவாட்டு கொண்ட பெரிய வீல் என்றால் ரிம்மே வளையலாம்.

எவ்வளவு சின்னதாகப் போகலாம் என்பதை காரின் பிரேக் தீர்மானிக்கும். பிரேக் பெரிதாக இருந்தால் சின்ன ரிம் உள்ளே இடிக்கும். ஒரே மாடலின் அடிப்படை ட்ரிம்மில் வரும் வீல் அளவு ஒரு நல்ல துப்பு. ஆனால், மேல் ட்ரிம்மில் பிரேக் வேறாக இருக்கலாம் என்பதால், டயர் கடையில் மாடல், ஆண்டு, ட்ரிம் மூன்றையும் சொல்லி உறுதி செய்ய வேண்டும். போல்ட் அமைப்பு, நடு ஓட்டையின் விட்டம், ஆஃப்செட் மூன்றும் பொருந்த வேண்டும். டயரின் சுமை எண் கார் கம்பெனி சொன்னதற்குக் கீழே போகக் கூடாது. எடை கூடிய எலெக்ட்ரிக் கார்களில் இதை இரண்டு முறை பார்க்க வேண்டும்.

தனி ரிம் தண்டச் செலவா?

'இருக்கற ரிம்லயே டயரை மட்டும் மாத்திக்கலாமே' என்பது அடுத்த கேள்வி. மாற்றலாம். ஆனால், வருடத்துக்கு இரண்டு முறை டயரைக் கழற்றி, மாட்டி, பேலன்ஸிங் செய்யக் கூலி கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு முறைக்கு 120 டாலர், ரிம்மோடு சேர்த்து மாற்ற 60 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 5 பனிக்காலத்தில் 10 முறை. மிச்சம் 600 டாலர். நான்கு சாதாரண ஸ்டீல் ரிம் வாங்கிய காசு பெரும்பாலும் இதிலேயே திரும்பிவிடும். அடிக்கடி கழற்றி மாட்டுவதால் டயரின் விளிம்பு சேதமாகும் அபாயமும் இல்லை.

ஸ்டீல் ரிம் கருப்பாக, அழகில்லாமல் இருக்கும். ஆனால், ரோட்டில் கொட்டும் உப்பு நல்ல அலாய் வீலை அரிப்பதைவிட, ஸ்டீல் ரிம்மில் துரு ஏறுவது எவ்வளவோ மேல். கார் வாங்கும் நாளிலேயே அலாய் வீலோடு 'விண்டர் பேக்கேஜ்' என்று சொல்லி அதையும் தவணையில் சேர்க்க முன்வந்தால், அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். வெளியே இரண்டு கடைகளில் விலை கேட்ட பிறகு முடிவு செய்யலாம். தவணையில் சேர்த்தால் டயருக்கும் சேர்த்து வட்டி போகலாம்.

காற்றழுத்த சென்ஸார் இன்னொரு செலவு. சில கார்களில் வீலுக்குள் சென்ஸாரே கிடையாது, அவற்றுக்குச் செலவும் இல்லை. சென்ஸார் உள்ள காரில் அது இல்லாத ரிம் போட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கனடாவில் சென்ஸார் சட்டப்படி கட்டாயமில்லை. அதை விடுபவர் கையில் ஒரு பிரஷர் கேஜ் வைத்து மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். வெப்பநிலை சுமார் 5 அல்லது 6 டிகிரி குறைந்தால் காற்றழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. இறங்கும்.

ரப்பரில் எவ்வளவு இறங்கலாம்?

உச்சத்தில் இருக்கும் பிராண்டுதான் வேண்டும் என்று இல்லை. பெரிய கம்பெனிகளுக்கே இரண்டாம் வரிசை பிராண்டுகள் உண்டு. கான்டினென்டலுக்கு ஜெனரல், பிரிட்ஜ்ஸ்டோனுக்கு ஃபயர்ஸ்டோன், மிஷெலினுக்கு பி.எஃப். குட்ரிச். பட்ஜெட் இறுக்கமானவருக்கு இந்த நடுத்தர வரிசை போதும். பெயரே கேள்விப்படாத, சோதனை விவரம் எதுவும் கிடைக்காத டயரைவிட இது பாதுகாப்பான பேரம்.

பழைய செட் வாங்குவதும் தப்பில்லை. ஆனால், டாட் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பார்க்க வேண்டும். 3821 என்றால் 2021-ம் ஆண்டின் 38-வது வாரம் தயாரானது. பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரைப் பனி மூடிய ரோட்டில் பயன்படுத்தக் கூடாது என்கிறது கனடா போக்குவரத்துத் துறை. புது டயரில் இதைப்போல இரண்டு மடங்கு ஆழம் இருக்கும். 5 மில்லிமீட்டர் உள்ள செட்டைப் பாதி விலைக்கு வாங்குவது லாபம் போலத் தோன்றும். அது ஒரு பனிக்காலம் தாண்டுவதே கஷ்டம்.

வீட்டிலிருந்து வேலை, வாரத்துக்கு இரண்டு நாள் நகருக்குள் மட்டும் ஓட்டம் என்பவருக்கு 'ஆல் வெதர்' டயர் ஒரு மாற்று. ஆல் சீசனோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மலைச் சின்னம் இதில் இருக்கும், வருடம் முழுவதும் ஓட்டலாம். ஆனால், அதிகாலை ஷிஃப்டுக்கு நெடுஞ்சாலையில் போகிறவர், டெலிவரி ஓட்டுகிறவர் ஆகியோருக்குத் தனி விண்டர் டயர்தான் சரி.

எப்போது போடுவது?

முதல் பனி விழுந்த மறுநாள் டயர் கடைகளில் இடமே கிடைக்காது. அக்டோபரிலேயே நேரம் வாங்கிவிட வேண்டும். மாட்டிய பிறகு சுமார் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி டார்க் ரென்ச்சால் சரிபார்க்க வேண்டும். பல கடைகள் இதை இலவசமாகவே செய்கின்றன. ஏப்ரலில் குளிர் விலகியதும் கழற்றிவிட வேண்டும். வெயிலில் அந்த மென்மையான ரப்பர் வேகமாகத் தேயும்.

இரண்டு செட்டும் மாறிமாறி ஓடுவதால் இரண்டுமே அதிக வருடம் வரும். கோடை டயர் வீட்டில் இருக்கும் மாதங்களில் அது தேய்வதில்லை. இதையும் சேர்த்துப் பார்த்தால், விண்டர் டயரின் உண்மையான கூடுதல் செலவு பில்லில் தெரியும் தொகையைவிடக் குறைவு.