என் தகர டப்பாவில் இருந்த மாத்திரை

இந்த முறை மிளகுக் கொடியைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மன்னிக்கவும், அது அடுத்த பதிவில். இன்று சண்டை போட வந்திருக்கிறேன். முதலில் என்னோடு, பிறகு உங்களோடு.

வயிற்றுப்போக்கு என்றதும் டப்பாவைத் திறந்து ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரையை எடுத்து நீட்டுகிறோமே, அந்தப் பழக்கம் ஒழிய வேண்டும். முக்கியமாக என் வயதுக்காரர்களைச் சொல்கிறேன். பல வீடுகளில் மருந்து டப்பா நம் கையில்தான் இருக்கிறது.

என்னுடையது ஒரு பழைய பிஸ்கட் டப்பா. புதுச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த காலத்திலிருந்தே கூட வருகிறது. ஓய்வுக்குப் பிறகு மகள் குடும்பத்தோடு கொல்லிமலை திருப்புலி நாட்டுக்குக் குடிவந்தபோது அதுவும் வந்தது. எப்போதோ எனக்கு எழுதிக் கொடுத்து மீந்துபோனவை, கடையில் சீட்டில்லாமல் வாங்கியவை என்று எல்லாம் அதில் கிடக்கும். பஸ்ஸுக்குக் காத்திருந்து ஆஸ்பத்திரிக்குப் போவதைவிட என் திண்ணைக்கு வருவது அக்கம்பக்கத்தாருக்குச் சுலபம். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. மறைப்பானேன்?

மூன்று வருடத்துக்கு முன், ஆடிப் பதினெட்டு முடிந்த வாரம். வல்வில் ஓரி விழாவுக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுப் பையனுக்கு வயிற்றால் போனது. ஐந்து வயது. இரண்டாம் நாள் ரத்தமும் சேர்ந்து போனது. அவன் அம்மா வந்து, "ஐயா, வயித்துக்கு ஏதாச்சும் மாத்திரை இருக்குதுங்களா?" என்று கேட்டாள். சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. பெரியவர்களுக்கான மாத்திரை, அதனால் பாதியாக உடைத்துக் கொடுத்தேன். மறுநாளுக்கும் இரண்டு பாதி கட்டிக் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்துப் பையன் வெளுத்துப் போனான். முகம் வீங்கியது, சிறுநீர் நின்றது. சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், நானும் போனேன். சிறுநீரகம் வேலை செய்யவில்லை, டயாலிசிஸ் வேண்டும் என்றார்கள். "இங்கே வருவதற்கு முன்னால் ஏதாவது மாத்திரை கொடுத்தீர்களா?" என்று டாக்டர் கேட்டபோது அவன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பையன் பிழைத்தான். மாத்திரையால்தான் இப்படி ஆனதா என்று கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இனி கண்டுபிடிக்க வழியில்லை" என்றார் டாக்டர். அந்த பதிலோடுதான் நான் மலை ஏறினேன்.

வீட்டுக்கு வந்து படிக்க உட்கார்ந்தேன். படித்த விஷயம் என்னைப் பள்ளிக்கூடத்துக்கே திருப்பி அழைத்துப் போனது. நான் பிரெஞ்சில் படித்தவன். 1965 அக்டோபரில் ஒரு நாள் எங்கள் இயற்கை அறிவியல் முசே வகுப்புக்குள் நுழைந்ததும் கரும்பலகையில் மூன்று பெயர்களை எழுதினார்: லுவோஃப், ழக்கோப், மொனோ. பாரிஸ் பஸ்தேர் நிறுவனத்துக்காரர்கள், மருத்துவ நோபல் பரிசு. 'புரோஃபாழ்' என்று ஒரு சொல்லையும் எழுதி அடிக்கோடு போட்டார். பரீட்சைக்கு வராது என்று தெரிந்ததும் நாங்கள் மறந்துவிட்டோம். அறுபது வருடம் ஆகப்போகும் வேளையில் அந்தச் சொல் என்னைத் தேடி வந்தது.

விஷயம் இதுதான். பாக்டீரியாவையும் தாக்கும் வைரஸ்கள் உண்டு. அவற்றில் சில, உள்ளே புகுந்ததும் அதைக் கொல்வதில்லை. தங்கள் மரபணுவை பாக்டீரியாவின் மரபணுவுக்குள்ளேயே செருகிவிட்டுத் தூங்குகின்றன. குமாஸ்தா பாஷையில் சொன்னால், கோப்பின் நடுவில் எவனோ தன் தாளைச் செருகிப் பக்க எண்ணும் போட்டுவிட்டான். அதற்குப் பிறகு நகல் எடுக்கிறவர்கள் எல்லாம் அந்தத் தாளையும் சேர்த்தே நகல் எடுப்பார்கள். இப்படித் தூங்கும் வைரஸுக்கு லுவோஃப் வைத்த பெயர்தான் புரோஃபாழ். நம் டாக்டர்கள் புரோபேஜ் என்பார்கள். 1950-ல் அவர் அதன் மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார். தூங்கியது எழுந்தது. பல்கிப் பெருகி, இடம் கொடுத்த பாக்டீரியாவையே வெடிக்கவைத்து வெளியே வந்தது.

இதற்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? உணவிலும் தண்ணீரிலும் வரும் சில கிருமிகளின் விஷமே இந்தச் செருகிய தாளில்தான் எழுதியிருக்கிறது. காலராக் கிருமியின் விஷத்துக்கான மரபணு ஒரு வைரஸ் கொண்டுவந்தது என்று 1996-ல் வால்டோர், மெக்கலனோஸ் இருவரும் காட்டினார்கள். 1992-ல் சென்னையில் தலைகாட்டி வங்காளம் வரை போன ஓ139 என்ற புதுக் காலராவிலும் அதே விஷம்தான். மாட்டுக் குடலில் மாட்டுக்கு ஒரு கெடுதலும் செய்யாமல் வாழும் ஈ.கோலை வகை ஒன்று இருக்கிறது. சாணம் பட்ட தண்ணீர், கழுவாத காய், சரியாக வேகாத கறி வழியாக அது நம்மிடம் வருகிறது. அதன் ஷிகா விஷமும் வைரஸ் கொடுத்ததுதான். குடலில் ரத்தம், பிறகு ரத்த அணுக்கள் சிதைந்து சிறுநீரகம் பழுதாவது, இரண்டும் அந்த விஷத்தின் வேலை. 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளைகளைப் பச்சையாகத் தின்று 3,800 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், 50 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த ஈ.கோலைக்குள்ளும் இந்த வைரஸ் இருந்தது.

இப்போது என் மாத்திரைக்கு வருகிறேன். சிப்ரோஃப்ளாக்சசின் பாக்டீரியாவின் மரபணுவைத் தாக்குகிறது. மரபணு அடிபட்டதும் பாக்டீரியா அபாய மணி அடிக்கிறது. தூங்கும் வைரஸுக்கும் அது கேட்கிறது. வீடு எரியப்போகிறது என்று தெரிந்தவன்போல் எழுந்து, தன்னைப் பெருக்கி, கூடவே விஷத்தையும் பெருக்கி, சுவரை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. லுவோஃப் ஒளியால் செய்ததை நான் பாதி மாத்திரையால் செய்திருக்கலாம். 2000-ல் எலிகளிடம் செய்த சோதனையில் இதே மருந்து விஷத்தைக் கூட்டியது. அதே வருடம் அமெரிக்காவில் இந்த ஈ.கோலை தாக்கிய 71 குழந்தைகளைக் கவனித்தார்கள். ஆன்டிபயாடிக் பெற்ற 9 பேரில் 5 பேருக்குச் சிறுநீரகம் பாதித்தது. பெறாத 62 பேரிலும் 5 பேருக்குத்தான். சிறிய கணக்கு என்று தள்ளலாம். உங்கள் பேரனை அந்த 9 பேரில் ஒருவனாக நிறுத்தத் துணிவீர்களா?

உடனே ஒரு கேள்வி வரும். "டாக்டரே ரத்தபேதிக்கு இந்த மாத்திரையைத்தானே எழுதுகிறார்?" எழுதுகிறார், எழுதவும் வேண்டும். நம் பக்கம் ரத்தபேதிக்கு ஷிகெல்லா என்ற கிருமியும் காரணம். ஷிகெல்லா ரத்தபேதி வந்த தென்னிந்தியக் குழந்தைகளுக்குச் சிறுநீரகம் பழுதானதை 1978-லேயே வேலூர் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு கொடிய வகை ஷிகெல்லாவிலும் விஷம் ஒரு வைரஸ் விட்டுப்போனதுதான். ஆனால் அந்த வைரஸ் முடமாகிப்போனது, எழுந்து வெளியே வர முடியாது. அங்கே ஆன்டிபயாடிக் உயிரைக் காப்பாற்றும். ஈ.கோலையிலோ அது உயிரோடு தூங்குகிறது. கழிவில் தெரியும் ரத்தம் இரண்டிலும் ஒரே சிவப்புதான். எது என்று முடிவு செய்யத்தான் டாக்டரும் பரிசோதனையும். பிஸ்கட் டப்பாவுக்கு அந்த வித்தை தெரியாது. மாத்திரை கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும் கை கெட்டது. அது என் கையாகவும் இருந்தது.

இரண்டாவது கேள்வி என் மலையிலிருந்தே வரும். "ஆஸ்பத்திரி தூரம், ராத்திரி பஸ் இல்லை, நாங்கள் என்ன செய்ய?" நியாயமான கேள்வி. ரத்தமில்லாமல் தண்ணீராகப் போகும் பேதிக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கே வேண்டாம். போன தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்தால் போதும். 1971-ல் வங்காள எல்லையில் பங்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே காலராச் சாவைச் சுமார் 30 சதவிகிதத்திலிருந்து 4-க்கும் கீழே இறக்கினார். அந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எந்த மலைக்கும் ஏறும். கூடவே குழந்தைக்கு 14 நாள் துத்தநாக மாத்திரை. இரண்டும் எல்லா ஊரிலும் கையிருப்பில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். கிராம சபையில் கேளுங்கள், நர்ஸ் வரும்போது கேளுங்கள். ஆனால் ரத்தம் தெரிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளை துவண்டாலோ 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கியே ஆக வேண்டும். வண்டி இல்லாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சிப்ரோஃப்ளாக்சசின் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 34 வருடம் விதிமுறைக் குறிப்பு எழுதியே சம்பளம் வாங்கியவன் நான். கடைக்காரர் சீட்டுக் கேட்காதபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மருந்துக் கடைகளைத் திட்டுகிறவர்கள் அந்தச் சந்தோஷத்தையும் கொஞ்சம் திட்டிக்கொள்ளுங்கள்.

பையனுக்கு இப்போது எட்டு வயது. வருடம் ஒரு முறை சிறுநீரகப் பரிசோதனைக்குப் போய் வருகிறான். நேற்று வந்து, "தாத்தா, டப்பாவில் பிஸ்கட் இருக்கா?" என்று கேட்டான். ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் ஒரு தெர்மாமீட்டரும்தான் இருந்தன. இனி பிஸ்கட்டும் வாங்கி வைக்க வேண்டும்.